பிளிங்கருக்கு 2, பல்சருக்கு 3, அப்படியென்றால் 6 எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான். கொக்குவிலில் உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சி, கொன்வேயின் லைஃப் விளையாட்டைப் பைதனில் எழுதியிருக்கிறார். 50க்கு 50 கட்டம். விளிம்புகள் ஒட்டியவை, அதாவது வலப்பக்கத்தால் வெளியே போனது இடப்பக்கத்தால் உள்ளே வரும். கலங்களை எழுமாறாக நிரப்பி ஓடவிட்டால் கொஞ்ச நேரம் கொதித்து, பிறகு அடங்கி, அங்கங்கே சில புள்ளிகள் மட்டும் மினுங்கிக்கொண்டே இருக்கின்றன. எத்தனை படிக்கு ஒருமுறை முழுத்திரையும் பழையபடி வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் 2. ஒருதரம் 6 வந்தது. இன்னொருதரம் 200. "என் புரோகிராமில் பிழையா? இல்லாவிட்டால் எந்த எண்ணும் வரலாமா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, 2 சரி, 6உம் சரி. 200இல் கொஞ்சம் கள்ளம் இருக்கிறது. ஆனால் கள்ளம் செய்தது உங்கள் புரோகிராம் இல்லை, அந்த ஒட்டிய விளிம்பு. எந்த எண்ணும் வரலாமா என்று கேட்டீர்களே, அதற்கு 53 வருடமாக விடை தேடி 2023இல்தான் முடித்தார்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக விதியை ஒருதரம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கலத்துக்கும் சுற்றிவர 8 அயல் கலங்கள். உயிருள்ள கலத்துக்கு 2 அல்லது 3 உயிருள்ள அயல் இருந்தால் அது தப்பும், இல்லையென்றால் சாகும். இறந்த கலத்துக்குச் சரியாக 3 உயிருள்ள அயல் இருந்தால் அது பிறக்கும். எல்லாக் கலமும் ஒரே நேரத்தில் மாறும். இவ்வளவுதான். கேம்பிரிட்ஜில் இருந்த ஜோன் கொன்வே உருவாக்கியது. 1970 ஒக்டோபர் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் காட்னர் தன் பத்தியில் எழுதியதோடு உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

"ஒரே நேரத்தில்" என்ற இடத்தில்தான் முதன்முதல் எழுதுகிற எல்லோரும் சறுக்குவார்கள். ஆகவே வேறெதையும் பார்க்க முன்னர் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு வரிசையில் அடுத்தடுத்து 3 கலங்களை மட்டும் உயிர்ப்பித்து ஒரு படி ஓடவிடுங்கள். நடுக்கலத்துக்கு 2 அயல், தப்பும். இரு முனைகளுக்கும் 1 தான், சாகும். நடுக்கலத்துக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் இருக்கும் இறந்த கலங்களுக்கு 3 அயல், பிறக்கும். கிடையாக இருந்தது நிலைக்குத்தாக நிற்கும். அடுத்த படியில் திரும்பவும் கிடை. இதுதான் பிளிங்கர், 2 படிக்கு ஒருமுறை மீளும்.

ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, கணக்கிட்ட கையோடு விடையை அதிலேயே எழுதிக்கொண்டு போனால் என்ன நடக்கும் தெரியுமா? மேல்வரிசையில் நடுவில் ஒன்று பிறக்கும். அது இப்போதே உயிரோடு இருப்பதால் அதற்கு வலப்பக்கத்துக் கலமும் தனக்கு 3 அயல் இருப்பதாக எண்ணிப் பிறந்துவிடும். பிறகு கீழ்வரிசையில் நடுக்கலம் நாலு அயலைக் கண்டு சாகும். ஒரு படி முடிய உங்களிடம் இருப்பது இது:

○ ● ●
● ○ ●

மூன்று கலம் இருக்கவேண்டிய இடத்தில் நாலு. உங்கள் திரையில் இது வந்தால் இரண்டாவது பட்டியல் ஒன்று வைத்து, பழையதைப் பார்த்துப் புதியதில் எழுதுங்கள். நீங்கள் சொல்லும் 2ஐயும் 6ஐயும் பார்த்தால் இதை ஏற்கெனவே சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இருந்தாலும் பாருங்கள்.

சரி, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? உங்கள் கட்டத்தில் 2500 கலங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை. ஆகவே மொத்தம் 2இன் அடுக்கு 2500 நிலைகள், எழுதினால் 753 இலக்கம் நீளமான எண். எவ்வளவு பெரிதானாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு. விதியில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை, ஒரு நிலைக்கு அடுத்த நிலை ஒன்றே ஒன்றுதான். எனவே முன்பு வந்த ஏதோ ஒரு நிலைக்கு ஒருநாள் திரும்பி வந்தே தீரவேண்டும். வந்ததும் அதே வட்டம்தான். முடிவில்லாத தளத்தில் இந்த உத்தரவாதம் கிடையாது. அங்கே ஒரு கோலம் வளர்ந்துகொண்டே போகலாம்.

முடிவில்லாத தளத்தில், தான் இருந்த இடத்திலேயே, தன் பழைய உருவத்துக்கு மீளும் கோலத்தைத்தான் ஒசிலேட்டர் என்கிறோம். மீள எடுக்கும் படிகளின் எண்ணிக்கை அதன் ஆவர்த்தனம். இந்த "இருந்த இடத்திலேயே" என்பதை நினைவில் வையுங்கள், 200க்கு அது வேண்டும்.

இப்போது 6. உங்கள் திரையில் அந்த ஓட்டத்தில் பெரிய சமச்சீரான பூ மாதிரி ஒன்று மினுங்கியிருக்கும், கவனித்தீர்களோ தெரியாது. அது பல்சர். ஆவர்த்தனம் 3. கலங்களின் எண்ணிக்கை 48, 56, 72 என்று மாறி மீண்டும் 48க்கு வரும். 48 இருக்கும் படியில் அது 13க்கு 13 இடத்துக்குள் அடங்கும். கையால் போட்டுப் பார்க்க விரும்பினால் 1, 6, 8, 13ஆம் வரிசைகளில் 3 முதல் 5 வரையும் 9 முதல் 11 வரையும் உள்ள நிரல்களை நிரப்புங்கள். பிறகு அதே வேலையை வரிசையையும் நிரலையும் மாற்றிச் செய்யுங்கள். மும்மூன்று கலமாக 16 கோடுகள் வரும். எனக்குப் பிடித்த விஷயம் இதில்தான் இருக்கிறது. அந்த 16 கோடுகளில் எதைத் தனியே எடுத்து வைத்தாலும் அது வெறும் பிளிங்கர், 2க்கு ஒருமுறை ஆடும். எல்லாவற்றையும் இந்த இடைவெளியில் வைத்தால் ஒன்றை ஒன்று தடுத்தும் பிறப்பித்தும் 3க்கு ஆடத் தொடங்கிவிடுகின்றன. இவ்வளவு பெரிய கோலம் எழுமாறான நிரப்பலிலிருந்து தானாக உருவாகும் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள், ஆனால் உருவாகிறது. தானாக வரும் ஒசிலேட்டர்களில் பிளிங்கர் மிக மிக முன்னால் நிற்கும். அதற்குப் பின்னால் டோட், பீக்கன் என்ற இரண்டு, அவற்றுக்கும் ஆவர்த்தனம் 2. அதற்கு அடுத்தபடி இந்தப் பல்சர்தான்.

உங்கள் திரையில் ஒரு மூலையில் பல்சர், மற்ற இடமெல்லாம் பிளிங்கர். முழுத்திரையும் மீள 2, 3 இரண்டினதும் பொது மடங்குகளுள் சிறியது (பொ.ம.சி.) வேண்டும், அது 6. பள்ளிக்கூடக் கணிதப் பாடத்தில் செய்த கணக்குத்தான்.

ஆனால் இதை வைத்து "ஆவர்த்தனம் 6 உள்ள ஒசிலேட்டர் கண்டுபிடித்துவிட்டேன்" என்று சொன்னால் இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அடுத்தடுத்த இரண்டு வளவுக்காரர் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தங்கள் பாட்டில் இருக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லை. அவர்களைச் சேர்த்து ஒரு குடும்பம் என்று பதிவு செய்ய முடியாது அல்லவா? அதனால் கணக்கில் எடுக்க ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: குறைந்தது ஒரு கலமாவது முழு ஆவர்த்தனத்தோடு ஆடவேண்டும். உங்கள் 6இல் எந்தக் கலத்தை எடுத்தாலும் அது ஆடாமல் நிற்கும், அல்லது 2க்கு ஆடும், அல்லது 3க்கு ஆடும். 6க்கு ஆடும் கலம் ஒன்றுகூட இருக்காது.

இதைப் புரோகிராமிலேயே பார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் உயிருள்ள கலங்களின் ஆள்கூறுகளை ஒரு உறைந்த தொடையாக (frozenset) எடுத்து, அதைச் சாவியாகவும் படி எண்ணைப் பெறுமானமாகவும் கொண்ட அகராதி ஒன்றில் போடுங்கள். அதே தொடை மறுபடி வந்தவுடன் இரண்டு படி எண்களையும் கழித்தால் முழுத்திரையின் ஆவர்த்தனம். பிறகு இன்னும் ஒரு முழுச் சுற்று ஓடவிட்டு, ஒவ்வொரு கலத்துக்கும் 0, 1 வரிசையைத் தனியே எழுதி, அந்த வரிசை எந்த மிகச்சிறிய நீளத்தில் தன்னையே திருப்பிச் சொல்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணைக் கொண்டு கலத்துக்கு நிறம் கொடுத்தால் திரை அழகாக இருக்கும் என்பது வேறு விஷயம், எது எதோடு சேர்ந்து ஆடுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். திரையைக் கண்ணால் பார்த்து எண்ணவேண்டாம். 15, 30 என்று போகும்போது கண் ஏமாற்றிவிடும்.

200க்கு வருவோம். மேலே சொன்ன கலச் சோதனையில் இது தேறிவிடும், அதுதான் சிக்கல். 200க்கு ஒருமுறை ஆடும் கலங்கள் உண்மையிலேயே அங்கே இருக்கும். ஆனால் அவற்றை ஆட்டுவது ஒரு கிளைடர். ஐந்து கலங்கள் கொண்ட சின்னக் கோலம். 4 படியில் தன் உருவத்துக்கு மீளும், ஆனால் மூலைவிட்டமாக ஒரு கட்டம் தள்ளி நிற்கும். இடம் மாறுவதால் அதை ஒசிலேட்டர் என்பதில்லை, விண்கலம் என்பார்கள். உங்கள் கட்டம் ஒட்டியது என்பதால் 50 தரம் தள்ளியதும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது. 50 தர 4, சரியாக 200. வழியில் எதிலும் முட்டாமல் சுற்றுவதற்கு அதற்கு ஒரு காலிப் பாதை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். உறுதிப்படுத்த, அடங்கியபின் இருக்கும் கோலத்தை அப்படியே 60க்கு 60 கட்டத்தில் வைத்து ஓடவிடுங்கள். சுற்றும் வழியில் புதிதாக எதிலும் முட்டாவிட்டால் 240 என்று வரும். உண்மையான ஒசிலேட்டருக்குக் கட்டம் எவ்வளவு பெரிது என்பது பற்றிக் கவலையே இல்லை, அதன் எண் மாறாது.

இனி அந்தப் பெரிய கேள்வி. 1, 2, 3, 4 என்று எந்த எண்ணைச் சொன்னாலும் அந்த ஆவர்த்தனத்தில் ஒசிலேட்டர் உண்டா?

முதல் வருடமே நிறையக் கிடைத்துவிட்டன. பத்துக் கலங்களை ஒரே வரிசையில் வைத்து ஓடவிட்டால் ஆவர்த்தனம் 15 உள்ள பென்டாடெகாத்லன் கிடைக்கிறது. 3க்கு 3 நிரம்பிய இரண்டு சதுரங்களை மூலை தொட மூலைவிட்டமாக வைத்தால் ஆவர்த்தனம் 8, சைமன் நோர்ட்டன் கண்டது. பில் கொஸ்பர் கண்ட குவீன் பீ என்ற கோலம் இன்னும் சுவாரசியமானது. அது ஒரு பக்கம் போய், தேன்கூடு என்ற அசையாத கோலம் ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பி வரும். மறுபடி போகும்போது தான் போட்ட கூட்டிலேயே முட்டிக் கெட்டுவிடும். இரண்டு முனையிலும் நாலு கலச் சதுரம் ஒவ்வொன்றை வைத்தால் அந்தச் சதுரம் கூட்டை அழித்துவிட்டுத் தான் அப்படியே இருக்கும். குவீன் பீ 30 படிக்கு ஒருமுறை போய்வந்துகொண்டே இருக்கும். வேதியியலில் ஊக்கி என்று படிக்கிறீர்களே, இந்தச் சதுரங்களின் வேலை அதுதான். இப்படி இரண்டு குவீன் பீக்களை மோதவிட்டுத்தான் 1970 நவம்பரில் எம்ஐடியில் கொஸ்பரின் குழு 30 படிக்கு ஒரு கிளைடரை வெளியே விடும் துப்பாக்கியைச் செய்தது. எந்தக் கோலமும் முடிவில்லாமல் வளராது என்று நினைத்து, அது சரியென்றோ பிழையென்றோ நிறுவினால் 50 டொலர் என்று கொன்வே அறிவித்திருந்தார். அந்தக் காசு அவர்களுக்குப் போனது.

சின்னச் சின்னதாகத் தேடி எல்லா எண்ணையும் முடிக்க முடியாது, எண்களுக்கு முடிவில்லையே. ஆகவே ஒரு அடியாகப் பெரிய எண்கள் எல்லாவற்றையும் தீர்க்கும் பொறி ஒன்று வேண்டும். 1996இல் டேவிட் பக்கிங்ஹம் அதைக் காட்டினார். ஹெர்ஷல் என்ற குழம்பும் கோலம் ஒன்றை ஊக்கிகளால் ஆன குழாய்கள் மாதிரியான பாதையில் ஓடவைத்து, பாதையை வளைத்துத் தொடங்கிய இடத்திலேயே சேர்த்துவிட்டார். 61உம் அதற்கு மேலும் உள்ள எல்லா ஆவர்த்தனமும் ஒரேயடியாக முடிந்தன.

2013இல் மைக் பிளேயில் ஸ்நார்க் என்ற ஒன்றைக் கண்டார். கிளைடர் வந்து மோதினால் அதை 90 பாகை திருப்பி அனுப்பிவிட்டு, தான் பழையபடி ஆகிவிடும். நாலு மூலையில் நாலு ஸ்நார்க் வைத்தால் கிளைடர் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். சதுரத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை ஒவ்வொரு கட்டம் நீட்டினால் சுற்ற எடுக்கும் நேரம் 8 படி கூடும், ஏனென்றால் பக்கத்துக்கு 4. உள்ளே ஒன்றுக்குப் பதில் 8 கிளைடர்களைச் சம இடைவெளியில் விட்டால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே 1 படிதான் கூடும். இப்படி ஒவ்வொரு எண்ணாக ஏறலாம். எங்கிருந்து ஏறலாம் என்பதை ஸ்நார்க் தீர்மானிக்கிறது. ஒரு கிளைடரைத் திருப்பிய பிறகு அடுத்ததை ஏற்க அதற்குக் குறைந்தது 43 படி வேண்டும். ஆகவே 43 முதல் மேலே எல்லாம் சரி.

கஷ்டப்படுத்தியது 43க்குக் கீழே இருந்தவை. பெரியதுதான் கஷ்டம், சின்னது சுகம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே தலைகீழ். பெரிய ஆவர்த்தனத்துக்கு வளையம் போட இடமும் நேரமும் உண்டு. சின்ன ஆவர்த்தனத்தில் எல்லாம் நெருக்கமாக, வேகமாகத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளவேண்டும். அதிலும் முதன்மை எண்கள் பெரும் தலையிடி, சின்ன ஆவர்த்தனங்களைக் கோத்து வாங்கும் வழி அங்கே அடைபட்டுவிடும். ஸ்நார்க் வர முன்னரே, 2000ஆம் ஆண்டளவில், எல்லாமாக 12 எண்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. 23ஐ 2019இல் லூகா ஒகானிஷி கண்டார். அதற்கு டேவிட் ஹில்பர்ட் என்று பெயர் வைத்தார்கள், 1900இல் 23 கணிதப் பிரச்சினைகளை அடுக்கினாரே, அவருடைய பெயர். கடைசியாக மிஞ்சியவை 19உம் 41உம். இரண்டும் 2023 ஜூலையில் விழுந்தன: 19ஐ மிட்செல் ரைலி, 41ஐ நிக்கோ பிரவுண். டிசம்பரில் 7 பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. கொன்வேயின் லைஃபில் எல்லா ஆவர்த்தனமும் உண்டு என்பது அத்தோடு நிறுவப்பட்டுவிட்டது. கொன்வே 2020 ஏப்ரலில் கோவிட்டில் போய்விட்டார், இதைக் காணக் கிடைக்கவில்லை.

இவர்களில் பலர் சம்பளத்துக்காக இதைச் செய்தவர்கள் இல்லை. வீட்டுக் கணினியில் தேடல் புரோகிராமை ஓடவிட்டு, கிடைத்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்காட்டி முன்னேறியவர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதிலெல்லாம் எங்களுக்கு என்ன வேலை என்று ஒரு பொடியன் கேட்டான். லைஃபை ஓட்டிப் பார்க்கும் கோலி (Golly) என்ற மென்பொருள் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, எந்த எண்ணும் வரலாமா என்றால், உண்டு என்பது நிறுவப்பட்டது. உங்கள் எழுமாறான ஓட்டத்தில் வருமா என்றால், அது வேறு கதை. 41க்கான கோலத்துக்கு 204 கலங்கள் இம்மியும் பிசகாமல் அந்தந்த இடத்தில் இருக்கவேண்டும், அது தானாக அமையும் என்று காத்திருக்காதீர்கள். உங்களுக்கு 2 வரும், பல்சர் விழுந்தால் 6, பென்டாடெகாத்லன் விழுந்தால் 30, கிளைடர் மிஞ்சினால் 200.

புராஜெக்டுக்கு ஏதாவது வேண்டும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். எழுமாறான நிரப்பலை விட்டுவிட்டு, ஒரே வரிசையில் அடுத்தடுத்து இத்தனை கலம் என்று 1இலிருந்து ஏறிக்கொண்டு போங்கள். 1உம் 2உம் உடனே செத்துவிடும். 3 பிளிங்கர். 4 இரண்டே படியில் தேன்கூடாகி நின்றுவிடும். 5 ஆறாவது படியில் நாலு பிளிங்கராகும், இதற்கு டிராஃபிக் லைட் என்று பெயர். 6 பன்னிரண்டாவது படியில் சுவடே இல்லாமல் அழிந்துபோகும். 7 பதினாலாவது படியில் நாலு தேன்கூடு. 10 வந்ததும் பென்டாடெகாத்லன். ஒவ்வொரு நீளத்துக்கும் எத்தனையாவது படியில் அடங்குகிறது, அடங்கியபின் ஆவர்த்தனம் என்ன, கலம் கலமாகப் பார்த்தால் என்ன என்று மூன்று நிரலில் அட்டவணை போடுங்கள். 20க்கு மேல் போகும்போது கட்டத்தை 200க்கு 200 ஆக்கிவிடுங்கள், விளிம்பையும் ஒட்டவேண்டாம். அடங்க முன்னர் ஏதாவது விளிம்பைத் தொட்டால் அந்த வரியைத் தள்ளிவிட்டு இன்னும் பெரிய கட்டத்தில் ஓடவிடுங்கள்.